கேட்கும் நெஞ்சம்

தெய்வத்தினிடத்தில் அறிவை வேண்டுதல் என்றால் என்ன? இக்கேள்வியை நம்மவர் பலர் கேட்டுப் பார்ப்பதில்லை. விடை தெரிந்ததாகவே எண்ணிவிடுகின்றனர். மகளுக்கு எந்த வரனைப் பார்ப்பது, இருக்கிற வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாமா, சேர்த்த பணத்தை எதிலே போடலாம் என்ற சங்கடம் ஏற்பட்டால், ஒருவர் கோயிலிலே பூக்கட்டிப் பார்க்கிறார். ஒருவர் சாமியாடியிடம் குறி கேட்கிறார். மற்றொருவர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். கிறிஸ்தவ அன்பர் சிலரோ கண்ணை மூடிக்கொண்டு வேதபுத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனமே கடவுளின் உத்தரவென்று கொள்கின்றனர். சிந்திக்க வேண்டிய பொறுப்பைத் தம் தலையிலிருந்து இறக்கி வேறொன்றின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயரிடுகின்றனர். முடிவு கெட்டுப்போனால், விதி என்று சொல்லிவிடவும் வசதியாயிருக்கிறது.

இந்த மனப்பான்மைக்கு ஆதாரமாகப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதை ஒன்றுண்டு. அது யூதர்களின் பழைய நூலில், இராஜாக்களின் முதற் புத்தகத்தில் வரும் சாலொமோன் சரித்திரம். அரசன் கடவுளிடம் ஞானத்தைக் கேட்டான், கடவுள் கொடுத்தார், அவன் உலகிலேயே பெரிய ஞானியானான், நீங்களும் கேளுங்கள், கிடைக்கும் என்று முடித்துவிடுவர். ஆங்கிலப் பள்ளியிற் படித்தோர்க்கெல்லாம் குழந்தையைக் கூறுபோடச் சொன்ன அந்த நீதிமன்றக் கதை மனப்பாடம். ஆனால் மூன்றாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள், கதையின் ஆரம்பத்தை மட்டும் கண்டு அதையே முடிவென்று எண்ணுகின்றனர். பன்னிரண்டாம் அதிகாரம் வரையில் பொறுமையாகப் படிப்போர்க்கு இக்கதை வேறொன்றைச் சொல்லுகிறது. அதனைச் சமயப் பிரசங்கமாகக் கொள்ளாது, தேர்ந்த இலக்கியமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாவீதின் மகனாகிய சாலொமோன் பட்டத்துக்கு வந்த புதிதில் கிபியோன் என்னும் ஊருக்குச் சென்று ஆயிரம் தகனபலி செலுத்தினான். அன்றிரவு கனவிலே கடவுள் தோன்றி, வேண்டுவதைக் கேள் என்றார். அரசன் தன்னைச் சிறு பிள்ளையென்றும், போக்கு வரவு அறியாதவனென்றும் சொல்லிக்கொண்டு, மக்களுக்கு நியாயம் வழங்கவும் நன்மை தீமைகளைப் பிரித்தறியவும் தக்க நெஞ்சம் ஒன்றை மட்டும் வேண்டினான். அந்த நெஞ்சம் எத்தகையது? 1611-ம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை உணர்வுள்ள நெஞ்சம் என்னும் பொருள்படக் கூறுகிறது. தமிழ் வேதாகமம் ஞானமுள்ள நெஞ்சம் என்கிறது. எபிரெய மூலத்திலே இருப்பதோ, "கேட்கும் நெஞ்சம்" என்று பொருள்படும் சொல். அரசன் வேண்டியது பேசும் வல்லமையன்று. வருங்காலத்தை முன்னறியும் சக்தியுமன்று. காதோடு கூடிய ஒரு மனத்தையே அவன் வேண்டினான். மொழிபெயர்ப்பாளர் கருத்தைக் காட்டினார்களேயன்றி உருவத்தைக் காட்டவில்லை. உருவம் மறையவே, கதையின் திறவுகோலும் உடன் மறைந்துவிட்டது.

இது சொற்களை வைத்துச் செய்யும் வெறும் வாதமன்று என்பதற்கு அடுத்த காட்சியே சான்று. இரண்டு பெண்கள் அரசன் முன் வந்து நிற்கின்றனர். இருவரும் விலைமகளிர், ஒரே வீட்டில் வசிப்பவர்கள், மூன்று நாள் இடைவெளியில் பிள்ளை பெற்றவர்கள். ஒரு குழந்தை இரவில் இறந்துவிட்டது. உயிரோடிருக்கும் குழந்தை தன்னுடையதென்று இருவரும் சாதிக்கின்றனர். வீட்டில் வேறு சாட்சியில்லை. இத்தகைய வழக்குகளுக்கு அந்நாட்டிலே பழைய முறையொன்று இருந்தது. அதுதான் சீட்டுப் போடுதல். சவுலை முதலரசனாகத் தெரிந்தெடுத்ததும் சீட்டினாலேயே; குற்றவாளியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இடங்களும் அந்நூல்களில் உண்டு. கனவிலே கடவுளைக் கண்டு வந்த அரசன், அவ்வழியை நாடுவதே இயல்பென்று நாம் எதிர்பார்ப்போம். அவன் நாடவில்லை. குருக்களை அழைக்கவில்லை, மறுபடியும் கனவு காண உறங்கப் போகவுமில்லை.

அவன் முதலில் செய்தது என்ன? இவள் இப்படிச் சொல்லுகிறாள், அவள் அப்படிச் சொல்லுகிறாள் என்று இருவர் வாக்குமூலங்களையும் திருப்பிச் சொன்னான். அவசரமாய்ப் படிக்கிறவர்கள் இதனை வீண் வார்த்தையென்று தாண்டிவிடுவர். வழக்கை முழுவதும் கேட்டுவிட்டான் என்பதற்கு அத்தாட்சி இந்த வரிதான். அதன் பின்னரே வாளைக் கொண்டுவரச் சொல்லிச் சோதித்தான். தாயின் நெஞ்சம் எதைப் பொறாது என்பதை அறிந்து வைத்த சோதனை அது. ஆகவே தெய்வத்திடமிருந்து பெற்ற அறிவு நீதிமன்றத்திலே அற்புதமாக வெளிப்படவில்லை. இரு தரப்பையும் கேட்டல், பின் ஆராய்தல், பின் துணிதல் என்ற சாதாரண ஒழுங்காகவே வெளிப்பட்டது. அதிலும், ஊரார் வாசலில் சேர்க்காத இரண்டு பெண்களின் சொல்லை அரசன் நேரே கேட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. திருவள்ளுவர் முதல் அதிகாரத்திலேயே கடவுளை வாலறிவன் என்று பெயரிட்டழைத்தார். பின்னர்ப் பொருட்பாலிலே 42-ம் அதிகாரமாகக் கேள்வியை வைத்து, அதனையடுத்தே 43-ம் அதிகாரமாக அறிவுடைமையை வைத்தார். கேட்டல் முன்னும் அறிவு பின்னுமாக நிற்கும் இம்முறை, கிபியோன் வேண்டுதலுக்கும் பொருந்துகிறது. தூய அறிவாகிய இறைவனை வணங்குகிறவன், அறிவுக்கு வாயிலாகிய கேள்வியை அடைத்துக்கொண்டால், அவன் வணக்கம் எதைச் சேரும்?

நிற்க. சாலொமோனின் பிற்காலத்தைப் பார்ப்போம். கணக்கேடுகளோடு பழகிய கண்களுக்கு இராஜாக்களின் புத்தகம் ஒரு விசேஷ விருந்து. அதில் எண்கள் நிறைந்திருக்கின்றன. ஆலயம் கட்ட 7 ஆண்டுகள். அரசனுடைய அரண்மனை கட்ட 13 ஆண்டுகள். அரண்மனைச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குக் கொழுத்த மாடுகள் 10, மேய்ச்சல் மாடுகள் 20, ஆடுகள் 100. இவையன்றி மாவும் மான்களும் பறவைகளும் வேறு. இவற்றைச் சேகரிக்கப் பன்னிரண்டு அதிகாரிகள், ஆளுக்கு ஒரு மாத முறை. மரம் வெட்டுவதற்கு இஸ்ரவேல் மக்களிலிருந்து 30,000 ஆட்கள் பிடிக்கப்பட்டனர். மாதத்துக்குப் பதினாயிரம் பேராக ஒரு மாதம் லீபனோன் மலையிலும், இரண்டு மாதம் வீட்டிலும் இருந்தனர். சுமை தூக்குவோர் 70,000. மலையில் கல்வெட்டுவோர் 80,000. இவர்களை மேய்க்கும் கண்காணிகள் 3,300. அந்த 30,000 பேருக்கும் தலைவன் அதோனீராம் என்பவன்.

இந்த எண்கள் எவ்வளவு தூரம் சரித்திரம் என்று ஆராய்ச்சியாளர் வாதாடுவர். இலக்கிய விமர்சகனுக்கு வேண்டியது வேறு. கதையாசிரியர் இவ்வெண்களை ஏன் இவ்வளவு நிதானமாக அடுக்கினார்? ஒருபுறம் அரசனுடைய மகிமையைக் காட்ட என்று தோன்றும். மறுபுறம் அந்த மகிமையை யார் முதுகு சுமந்தது என்பதையும் அதே பட்டியல் காட்டிவிடுகிறது. செக்ரோலில் பெயர் எழுதியவனும், விடியுமுன் பெரட்டில் நின்றவனும் இப்பக்கங்களை வாசித்தால், ஆலயத்தின் பொன்னைக் காணுமுன் அந்த முறைக்கணக்கைத்தான் காண்பார்கள். ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில்! வீட்டிலே காத்திருந்த வயலுக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் அந்த மூன்றிலொரு பங்கு என்னவாயிற்று? வேறோரிடத்தில் இஸ்ரவேலர் எவரையும் அரசன் அடிமையாக்கவில்லை என்று அந்நூலே கூறுகிறது. அடிமையென்ற பெயர் இல்லாதிருந்திருக்கலாம். பாரம் இருந்ததென்பதைப் பின்னால் மக்களே வந்து சொல்லப் போகிறார்கள்.

அரசன் முதுமையில் வழுவியதற்குக் கதையாசிரியர் கூறும் காரணம், 700 மனைவியரும் 300 மறுமனைவியரும் அவன் மனத்தை அந்நிய தெய்வங்களிடம் திருப்பினர் என்பது. பிரசங்கிகளும் இதைப் பிடித்துக்கொண்டு, ஞானியையும் பெண் கெடுத்தாள் என்று பெண்குலத்தையே தூற்றுவர். ஆயிரம் பெண்களைச் சேர்த்தவன் யார்? அவர்களைத் தன் அரசியல் உறவுகளுக்காகவும் ஆசைக்காகவும் கொண்டுவந்து குவித்தவன் அரசனன்றோ? ஆரம்பத்தில் வந்த அவ்விரு பெண்கள் வாய் திறந்து பேசினர். அவர்கள் சொல் நம் காதில் இன்னும் ஒலிக்கிறது. இந்த ஆயிரவரில் ஒருத்தியாவது கதையில் ஒரு வார்த்தை பேசுகிறாளா? இல்லை. அரண்மனையில் கேட்பது நின்றுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடவுள் பேசாமலிருந்தாரா என்றால், அதுவுமில்லை. அரசனுக்கு இரண்டு முறை தோன்றினார் என்றும், எச்சரித்தார் என்றும் அந்நூல் கூறுகிறது. ஒரு நாள் இரவில் பெற்ற ஞானம், நாள்தோறும் காது கொடாதவனிடத்தில் தங்கவில்லை என்பதே நாம் அறிய வேண்டுவது.

சாலொமோன் இறந்தபின் அவன் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேம் நகருக்கு வந்தான். இதனை ஆராய்ச்சியாளர் சுமார் கி.மு. 930 என்பர். மக்கள் திரண்டு வந்து ஒரே விண்ணப்பம் செய்தனர். உம்முடைய தகப்பனார் எங்கள் நுகத்தைப் பாரமாக்கினார். அதனைச் சற்று இலேசாக்கும், நாங்கள் உமக்கு ஊழியம் செய்வோம் என்றனர். அவர்கள் அரசைக் கவிழ்க்க வரவில்லை. ஊழியமே செய்யமாட்டோம் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் பொறுங்கள் என்றான் அரசன்.

இந்த மூன்று நாளில் அவன் நடந்துகொண்ட விதத்தைக் கதையாசிரியர் மிகச் சில சொற்களால் தீட்டியிருக்கிறார். தகப்பனிடம் இருந்த முதியோரைக் கேட்டான். இன்று நீர் இம்மக்களுக்கு ஊழியராகி நல்வார்த்தை சொன்னால், அவர்கள் என்றைக்கும் உமக்கு ஊழியராயிருப்பர் என்றனர் அவர்கள். உடனே கதை சொல்லுகிறது: அவன் முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபரைக் கேட்டான். வாக்கிய வரிசையை நோக்குக. வாலிபரைக் கேட்டபின் முதியோரைத் தள்ளினான் என்றில்லை. தள்ளியபின் வாலிபரைக் கேட்டான் என்றிருக்கிறது. முடிவு முன்னே பிறந்துவிட்டது. ஆலோசனை பின்னே தேடப்பட்டது. அவன் நாடியது அறிவன்று, ஆமோதிப்பு.

வாலிபரிடம் பேசும்போது அவன் சொல்லும் மாறுகிறது. இம்மக்களுக்கு "நாம்" என்ன மறுமொழி சொல்லலாம் என்று அவர்களோடு தன்னைச் சேர்த்துக்கொள்கிறான். அவர்களோ, உன் சுண்டுவிரல் உன் தகப்பனின் இடுப்பினும் பருத்தது என்று சொல்லும்படியும், தகப்பன் சவுக்கால் அடித்தானென்றால் நான் தேளால் தண்டிப்பேன் என்று சொல்லும்படியும் கற்றுக்கொடுத்தனர். வாலிபர் என்கிறோமே, அவர்கள் வயது என்ன? அரசனாகும்போது ரெகொபெயாமுக்கு வயது 41 என்று அதே புத்தகம் கூறுகிறது. உடன் வளர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வயதே இருக்கவேண்டும். அவர்களைக் குறிக்க மூலத்திலே வரும் சொல் பிள்ளைகள் என்று பொருள்படுவது! சாலொமோன் ஆண்டது 40 ஆண்டுகள். இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், கிபியோனிலே தன்னைச் சிறு பிள்ளையென்று சொல்லிக்கொண்டவன் அப்போதே ரெகொபெயாமுக்குத் தகப்பன். தன்னைப் பிள்ளையென்று அறிந்தவன் அறிவு பெற்றான். நாற்பது கடந்தும் தன்னைப் பெரியவனென்று நினைத்தவன் பிள்ளைகளின் சொல்லைக் கேட்டான். நீதிமொழிகள் என்னும் நூலைச் சாலொமோன் பெயரால் வழங்குகின்றனர். அதிலே தந்தை தன் மகனைப் பார்த்துக் கேட்கும்படி மீண்டும் மீண்டும் வேண்டுகிறான். அந்த மகன் கேட்கவில்லை.

வள்ளுவர் பேதைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, புல்லறிவாண்மை என்று அடுத்தாற்போல் மற்றோர் அதிகாரமும் வகுத்தது எதற்காக என்பது இங்கே விளங்கும். சிற்றறிவுடையவன் தன்னைப் பேரறிவுடையவனாக மதித்து உயர்ந்தோர் சொல்லும் உறுதியை ஏற்காமையே புல்லறிவாண்மை என்று பரிமேலழகர் விளக்குவார். ரெகொபெயாமின் நோய் இதுவே. ஒன்றும் அறியாத பேதைக்கு ஒருவன் வழிகாட்டலாம். இவனுக்கு வழி காட்டப்பட்டது, அவன் அதனைத் தள்ளினான்.

மூன்றாம் நாள் அரசன் கடினமாகப் பேசினான். அவ்விடத்தில் கதையாசிரியர், அரசன் மக்களுக்குச் செவிகொடுக்கவில்லை என்று எழுதுகிறார். கிபியோனிலே தகப்பன் வேண்டிய நெஞ்சத்துக்கு அடைமொழியாக வந்த அதே எபிரெய வினைச்சொல், இங்கே எதிர்மறையில் நிற்கிறது. கேட்கும் நெஞ்சத்தில் தொடங்கிய கதை, கேளாத அரசனிடம் வந்து முடிகிறது. பின்னும் ஒரு மடமை எஞ்சியிருந்தது. கொதித்து நின்ற மக்களைச் சமாதானப்படுத்த அவன் யாரை அனுப்பினான்? வேலைக்கு ஆள் பிடிக்கும் இலாகாவின் தலைவனாகிய அதோராமை! மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றனர். அரசன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. அந்நாடு மீண்டும் ஒன்றாகவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இவையெல்லாம் கர்த்தரால் நடந்தன, அகியா என்னும் தீர்க்கதரிசியின் வாக்கு நிறைவேறும்படி நடந்தன என்று அதே வசனம் கூறுகிறதே. அப்படியானால் விதிதானே என்பர். கதையாசிரியர் அவ்வாறு எழுதியது உண்மை. அதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் விதியே எல்லாம் என்று அவர் கருதியிருந்தால், மூன்று நாளையும், இரு கூட்டத்தாரின் ஆலோசனையையும், அரசன் சொல் மாறியதையும் இவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டிய அவசியம் என்ன? ஒரே வரியில் முடித்திருக்கலாமே. நடந்ததற்குத் தெய்வ சித்தம் ஒன்று உண்டென்று நம்பினாலும், நடத்தினவன் தலையிலிருந்து அவர் பொறுப்பை இறக்கவில்லை. பின்னால் வந்த வாசகர்கள்தாம் இறக்கினர்.

ஆண்டைகளை மட்டும் இடித்துரைக்கும் கதையென்று இதனை நினைத்துவிடலாகாது. பிரிந்த பத்துக் கோத்திரத்துக்கு அரசனான யெரொபெயாம் யார்? சாலொமோனிடம் கட்டாய வேலைக்காரருக்குக் கண்காணியாயிருந்தவன். மக்களின் துயரை அருகிருந்து அறிந்தவன். அவனாவது கேட்கும் நெஞ்சோடு ஆண்டானா? தன் மக்கள் எருசலேம் ஆலயத்துக்குப் போனால் மனம் மாறிவிடுவரோ என்று அஞ்சி, பொன்னாலே இரண்டு கன்றுக்குட்டிகளைச் செய்து, இவையே உங்கள் தெய்வம் என்று நிறுத்தினான். திருவிழாவையும் தன் மனத்திலே தானே கற்பித்துக்கொண்டான் என்று கதை கூறுகிறது. தன் பயத்துக்கு ஏற்ற கடவுளைத் தானே வார்த்துக்கொண்டவன், அக்கடவுளிடம் என்ன அறிவைப் பெற முடியும்? பாட்டாளிகளின் தலைவராக எழுகிறவர்களும் இந்த ஏட்டைப் படித்துக்கொள்வது நலம்.

ஆகவே இக்கதையின் போதனை, கேளுங்கள் கொடுக்கப்படும் என்ற அளவில் நிற்பதன்று. தெய்வ அறிவை வேண்டுதல் என்பது ஒரு நாளைய சடங்கன்று. நமக்குக் கசப்பான சொல்லையும், நமக்குக் கீழே இருப்பவரின் சொல்லையும் கேட்கத்தக்க மனத்தை நாள்தோறும் வேண்டுதலும் பழகுதலுமாகும். பூக்கட்டிப் பார்க்கிறவர் இரண்டு பூக்களில் ஒன்றைத்தான் கேட்கிறார். மணக்கப் போகும் மகளைக் கேட்பதில்லை. குறிகேட்கிறவர் சாமியாடியைக் கேட்கிறார். கூடவே உழைக்கும் மனைவியைக் கேட்பதில்லை. நாம் முன்னமே முடிவு செய்துவிட்டு ஆமென்று சொல்ல ஆள் தேடும் ஒவ்வொரு தடவையும் சீகேமில்தான் நிற்கிறோம்.

ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்தரசன் சீஷாக் படையெடுத்து வந்து, சாலொமோன் செய்துவைத்த பொற்கேடகங்களை எல்லாம் கொண்டுபோனான். அவற்றுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் செய்வித்தான். அரசன் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அவற்றைச் சுமந்து சென்று, திரும்பிவந்து தங்கள் அறையில் வைத்தனர். வணக்கம் நிற்கவில்லை, ஊர்வலம் குறையவில்லை, பொன் மட்டும் இல்லை. நம் வீடுகளிலும் சங்கங்களிலும் ஆலயங்களிலும் நடக்கும் வணக்கத்தில் கேடகம் எதனாலானது என்பதை வாசகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாராக.